ஜோதி வாய் திறக்காத வாரங்கள்

வலைக்கொட்டகையில் ஊர்க்கூட்டம் கூடியிருந்தது. மதிய வெயில் தகரக் கூரை வழியாக இறங்கி, காய்ந்த வலைகளின் உப்பு வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஜோதி நின்றிருந்தாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவளைப் போல, முந்தானையை நான்காக மடித்து வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவள் மீது குற்றச்சாட்டு இதுதான்: தேசப்பனின் பாடு முறைக்குள் புகுந்து, அவனுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

பாடு என்பது ஏரியில் மீன் பிடிக்க நாங்கள் வைத்திருக்கும் முறை. ஆனால் அன்று யாரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. ஜோதி எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்டது ஒரு பெண்ணின் மனக்கஷ்டம்.

"அந்தப் பொண்ணு உங்கிட்ட இன்னா சொல்லிச்சி? சொல்ட்டு வூட்டுக்குப் போ. யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார் ஊர்த் தலைவர் கோதண்டம்.

ஜோதி தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"பழவேற்காட்டுல யார் வூட்ல இன்னா கொழம்புனு அடுப்புல ஏத்தறதுக்கு முன்ன சொல்றவ நீ. இது ஒண்ணு மட்டும் வாயில வரலியா?"

முந்தானைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான்.

இந்த ஊரின் நடப்புகளை நான் வெகுகாலமாகக் குறித்து வருகிறேன். முகத்துவாரம் மண்மூடியது, புயல் வந்தது, புதுப்பாலம் திறந்தது எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒருவர் சோகத்தை இன்னொருவர் முறை தவறிக் கேட்டுவிட்டார் என்று வந்த வழக்கு இது ஒன்றுதான்.

இந்த வாரம் தேதி இல்லை

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். டச்சுக் கல்லறையைப் பற்றி எழுதிய வாரம், ஒரே கல்லுக்கு இரண்டு புத்தகங்கள் இரண்டு வருடம் சொல்வதை வைத்தே ஒரு பக்கத்தை ஓட்டியவன் நான். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இன்னும் எனக்குச் 'செக்ரட்டரி' என்றுதான் பெயர்.

இந்த வாரம் தேதி தர முடியாது. சம்பந்தப்பட்ட பெண்ணிடம், எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா தேதி போடாதீங்க, எம்பேரும் வேணாம்" என்றாள். ரேவதி என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிடிக்காத ஒருத்தியின் பெயராம்.

ஜோதியிடமும் கேட்டேன். "பேர மாத்துனா அது நான்தான்னு ஜனத்துக்கு எப்டி தெரியும்? அப்டியே போடு செக்ரட்டரி" என்றாள்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். சமீப வருடங்களில் ஒன்று. மழை ஓய்ந்து, முகத்துவாரம் திறந்து, ஏரிக்குள் எறா, அதாவது இறால், ஏறிக்கொண்டிருந்த காலம்.

பாடு போடுவது

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் எறா நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம். வலைகள் அதிகம். எல்லாரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்துக்கொள்வோம். இதுதான் பாடு.

இது எப்போது தொடங்கியது என்று தேடிப் பார்த்தேன். டச்சுக்காரர் வருவதற்கு முன்பே இருந்தது என்கிறார் ஒரு ஆய்வாளர். அவர்கள் போன பிறகு என்கிறார் இன்னொருவர். கோதண்டத்தைக் கேட்டால், "மொத எறா செத்த நாள்லருந்து" என்கிறார். மூன்றில் எதற்கும் ஆதாரம் இல்லை.

விதிகள் எளிமையானவை. அடுத்தவன் பாட்டில் வலை இறக்கக் கூடாது. உன் நாளில் எறா வராவிட்டால் அது உன் நேரம், மறுநாள் கேட்டு வரக் கூடாது. தலைவருக்குத் தெரியாமல் முறையை மாற்றிக்கொள்ளக் கூடாது. மீறினவர் அடுத்த சுற்று முழுக்கக் கரையில் குந்தியிருக்க வேண்டும்.

ஏரியோடு இது நின்றால் பரவாயில்லை. தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் யாருடையது, திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் யார் நடப்பது என்பதற்கும் சீட்டுத்தான். பொருள் ஒன்றாகவும் ஆள் பலராகவும் இருந்துவிட்டால், எங்கள் ஊர்க்காரர்களின் கை தானாகவே காகிதத்தைக் கிழிக்க ஆரம்பித்துவிடும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கைப்பழக்கத்தால் வந்தது.

புயல் மையத்தில் இரண்டு நாள்

சென்னையிலிருந்து வித்யா என்ற பெண் வந்திருந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். இளம் பிள்ளைகளின் மனநலத்துக்குத் துணை நிற்கப் பெரியவர்களுக்குப் பயிற்சி என்று புயல் பாதுகாப்பு மையத்தின் வாசலில் பேனர் கட்டினாள். இரண்டு நாள், மதியம் சாப்பாடு உண்டு. ஆணும் பெண்ணுமாக ஒரு டஜனுக்கு மேல் சேர்ந்தோம்.

"கால்ல அடிபட்டா ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் துணி கட்டறோம் இல்லையா? மனசுக்கும் அந்த மாதிரி ஒரு கட்டு போடறதுதான் உங்க வேலை. டாக்டர் வேலையைச் செய்யாதீங்க. டாக்டர் வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தா போதும்" என்றாள் வித்யா. அறிகுறிகளைச் சொல்லிவிட்டு அவள் கொடுத்த விதிகள் நான்குதான். பிள்ளைகள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். முடியாது என்று தோன்றினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிறகு ஜோடி ஜோடியாக உட்காரவைத்தாள். ஒருவர் தன் மனக்குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் தலையை மட்டும் ஆட்ட வேண்டும்.

தேசப்பனுக்குக் கோதண்டம் ஜோடியாக வாய்த்தார். தேசப்பன், வெகுகாலம் முன்பு யாரோ தன் வலையை அறுத்துவிட்டதைச் சொன்னான். புது வலை. இரண்டு நாள்கூடத் தண்ணீரில் இறங்கவில்லை. கோதண்டம் கண்ணை மூடி, பொறுமையாகத் தலையை ஆட்டி, எல்லாவற்றையும் கேட்டார். நேரம் முடிந்ததும், "தேசப்பா, அத அறுத்தது நாந்தான்" என்றார்.

அவர்களைப் பிரித்துவிட நாலு பேர் தேவைப்பட்டார்கள். பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று வித்யா சொன்னாள். சொல்லிவிட்டு, மறுநாளைக்கு ஜோடிகளை மாற்றி எழுதினாள்.

ஜோதிக்கு மூன்றாவது விதியில்தான் சந்தேகம். கூடை தூக்கிக் காட்டூர் வரை நடந்து மீன் விற்பவள். மீனோடு சேதியும் போகும். பல வீடுகளில் அவளுக்காகக் காத்திருப்பது சேதிக்குத்தான்.

"மேடம், கேட்டத புருசங்கிட்ட சொல்லலாமா?"

"கூடாதும்மா."

"மாமியாகிட்ட?"

"கூடாது."

"சாமிகிட்ட?"

வித்யா கொஞ்சம் யோசித்தாள். "சொல்லலாம். சத்தமா வேண்டாம்."

ஜோதி அதை மனதில் வாங்கிக்கொண்ட விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துகிறவர்கள் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே பெண், ஊரெல்லாம் காது

பயிற்சி முடிந்த மறுநாள் ஊரில் இளவட்டம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முகம் வாடினால் பிடித்து உட்காரவைத்துக் கேட்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்குள் பரவிவிட்டது. பாதிப் பேர் சொல்லாமலே படகேறிவிட்டார்கள். ஒருவன் எளாவூர் சோதனைச்சாவடி வரை பைக்கில் போய், அங்கே டீக்கடையில் பொழுதைப் போக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பினான்.

ஓட முடியாமல் அகப்பட்டவள் ரேவதி ஒருத்திதான்.

ரேவதி ஏழுமலையின் மகள். இருபது வயது. பன்னிரண்டாவது முடித்து, எளாவூருக்கு அந்தப்பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் இருந்தாள். லீவில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சோறு வைத்தால் இரண்டு வாய். கூப்பிட்டால் 'ம்'. அவள் அம்மா தாயத்துக் கட்டினாள், மந்திரித்தாள், அழுதாள். ஏழுமலை அதிகம் பேசாத மனிதன். கேட்டவர்களுக்கெல்லாம் "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னான். அந்தப் பெண் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

ஆக, கேட்கப்பட வேண்டிய பெண் ஒருத்தி. கேட்கக் கற்றவர்கள் ஒரு டஜனுக்கு மேல். கோதண்டம் ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்தார்.

அங்கேயும் ஒரு சண்டை. பாட்டில் பெண்களுக்குப் பங்கு கிடையாது, ஆகவே ஆண்களின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றார் ஒருவர். ஜோதி கூடையைக் கீழே வைத்தாள். "ஏரி ஆம்பளைக்கி. சரி. அந்தப் பொண்ணு இன்னா ஏரியா? எம்பேர எழுது." எழுதினார்கள். குலுக்கலில் அவள் சீட்டு கடைசியாக வந்தது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. ஜோதியின் முறை வருவதற்குள் பெண் தேறிவிடுவாள் என்று கணக்குப் போட்டார்கள்.

மற்ற விதிகளெல்லாம் ஏரியில் இருப்பவையே. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஒருவர் பாடு. அன்றைக்கு அவள் பேசாவிட்டால் உன் நேரம்.

முதல் நாள் கோதண்டம். ரேவதி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் அவளுடைய மௌனத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கழுத்து திரும்பாமல், எண்ணெய் தேய்த்துக்கொண்டார்.

அடுத்து தேசப்பனின் மனைவி. அறிவுரை சொல்லக் கூடாது என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, ரேவதிக்குக் கேட்கும்படி பேசினாள். "இந்தாடி ஆடே, வேளைக்குத் துன்னணும். வயசுப் பொண்ணு இப்டி மூலையில கெடந்தா நாளைக்கு யார் கட்டிப்பான்?" ஆடு மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது.

என் பாடும் வந்தது. அமைதியாக உட்கார்ந்தேன். அமைதி நீண்டுகொண்டே போனது. ஏதாவது லேசான விஷயம் பேசலாம் என்று டச்சுக் கல்லறையைப் பற்றி ஆரம்பித்தேன். அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதை விவரித்துக்கொண்டிருந்தபோதுதான் என்ன செய்கிறேன் என்பது உறைத்தது. ரேவதி முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "டீ குடிச்சிட்டு போங்க மாமா" என்றாள். எல்லாருக்கும் டீ போட்டே அவள் அம்மாவுக்குப் பால் கட்டுப்படியாகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் விதம் வேறாக இருந்தாலும், எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம். "இன்னாதான் நடந்துச்சி, சொல்லேன்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தேசப்பன் காத்திருந்தான்

தேசப்பனின் நாளன்று அவன் குளித்து, திருநீறு இட்டு, முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மனசை ஒருமுகப்படுத்தக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் ரேவதி பின்வாசல் வழியாக இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வெளியே வந்தது அன்றுதான்.

துறையில் ஜோதி எறாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ரேவதி அவள் எதிரே குந்தினாள். ஒரு கூடை பிரித்து முடிகிற நேரம் பேசினாள். எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். தேசப்பன் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஜோதி பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் வாய் அப்படிப் பழகியதல்ல. கதவைக் கொஞ்சம் திறந்தாலும் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, மொத்தமாகச் சாத்திவிட்டாள். காட்டூரில் விரலைக் காட்டி விலை சொன்னாள். பேரம் பேசினால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கோயிலில் கற்பூரம் காட்டும்போது மட்டும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஊருக்குக் கவலை வந்துவிட்டது. ஜோதி பேசவில்லை என்றால் அவளுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம். வித்யா சொன்ன அறிகுறிகள் எல்லாம் பொருந்தின: பேச்சு குறைவது, பழைய பழக்கத்தை விடுவது, ஆட்களைத் தவிர்ப்பது. கோதண்டம் மறுபடி காலண்டர் தாளைக் கிழித்தார். ஜோதி வீட்டுக்கும் பாடு போட்டார்கள்.

முறைப்படி ஆட்கள் வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஜோதி துடைப்பத்தை எடுத்தாள்.

அப்போதுதான் ஐஸ் கடைக்காரன், துறையில் தான் பார்த்ததை வெளியே விட்டான். அது தேசப்பன் காதுக்குப் போயிற்று. என் பாடு, என் நாள், என் வலை இருக்கும்போது இவள் எப்படி அள்ளினாள் என்று அவன் கூட்டத்தைக் கூட்டச் சொன்னான்.

மறுபடி கொட்டகையில்

"நான் குளிச்சி முழுகி ஒரு நாள் பூரா குந்தினு இருந்தேன் தலைவரே. அது இவகிட்ட போய் பேசிட்டு வந்துடுச்சி. இது நாயமா?" என்றான் தேசப்பன்.

"நீ தூங்கினு இருந்தியாமே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்ண மூடினு கேட்டுனு இருந்தேன்."

"யாரு பேசறத?"

கோதண்டம் கையை உயர்த்தி அடக்கினார். ஜோதி வாய் திறக்க மாட்டாள் என்பது தெளிவாகிவிட்டது. விதி கொடுத்தவளிடமே கேட்டுவிடலாம் என்று என்னிடம் சொன்னார். வித்யாவுக்குப் போன் போட்டேன். கொட்டகையில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், ஐஸ் பெட்டிக்கு மேலே. அதன்மேல் ஏறி நின்று, போனை உயர்த்திப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

வித்யா விஷயம் முழுவதையும் கேட்டாள். "பாடுன்னா என்ன சார்?" என்றாள். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

"ஜோதிம்மா பண்ணது சரி. வெளிய சொல்லக் கூடாது. ஒரே ஒரு விஷயம், அந்தப் பொண்ணோட உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா மட்டும் வீட்ல சொல்லி, உடனே..."

சிக்னல் போய்விட்டது.

ஏழுமலை அதுவரை ஓரமாக உட்கார்ந்து ஒரு வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தான். தன் மகளைப் பற்றிய கூட்டத்தில் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையில் எடுத்த வேலை. ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"ஜோதி. உசுருக்கா?"

ஜோதி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பல நாள் பேசாத தொண்டை, கரகரத்தது.

"அண்ணே, டாக்டராண்ட போலாம் வானு கூப்ட்டேன். நைனா வந்தா வரேன்னுச்சி. நைனாகிட்ட நான் எப்டி சொல்றது? சொல்லக் கூடாதுனுட்டாங்களே. நான் இன்னாதான் பண்றது?"

சொல்லிவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்ப நீ இன்னும் சொல்லவே இல்லியா அத்த?"

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ரேவதி நின்றிருந்தாள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. தலை வாரி எத்தனையோ நாளாகியிருக்கும். பேச்சுச் சத்தம் அவர்கள் வீடு வரை கேட்கும், கொட்டகைக்கு அடுத்த சந்துதான்.

"ஊர்ல இத்தினி பேரு வரிசையா வந்து குந்தினாங்க. அவங்கள வுட்டுட்டு உன்னத் தேடினு தொறைக்கி ஏன் வந்தேன்?"

"ஏம்மா?" என்றாள் ஜோதி.

"உங்கிட்ட சொன்னா சாய்ங்காலத்துக்குள்ள நைனா காதுல வுழும்னுதான்."

சிலர் சிரித்துவிட்டார்கள். ரேவதி சிரிக்கவில்லை.

"எனக்கு நைனாகிட்ட நேரா சொல்ல வரல. உங்கிட்ட சொல்லிட்டு வந்து படுத்துனு இருந்தேன். இன்னிக்கி தெரிஞ்சிடும், இன்னிக்கி கேப்பாருனு. நைனா வருவாரு, சாப்டுவாரு, படுத்துடுவாரு. தெனமும். நீ வேற பின்வாசல்ல மடவை மீன வெச்சிட்டு ஒண்ணும் பேசாம போற. சரி, எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி, தெரிஞ்சும் ஒருத்தரும் கேக்கலனு நெனச்சிட்டேன்."

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊரிலேயே வாய் நிற்காதவளைத் தேடிப் பிடித்து அந்தப் பெண் தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இரண்டு நாள் பயிற்சியில் அந்த வாயை அடைத்து வைத்திருந்தோம்.

ஒண்ணும் நடக்கல

"இப்ப சொல்லும்மா. நாங்கதான் இருக்கோமே. இன்னா நடந்துச்சி?" என்றார் கோதண்டம்.

"ஒண்ணும் நடக்கல."

"யாராவது பையனா?"

"இல்ல."

"கம்பெனில எவனாவது எதுனா..."

"இல்ல மாமா. வேல நல்ல வேல. ரூம்ல இருந்த பொண்ணுங்க நல்ல பொண்ணுங்க. ஒண்ணுமே நடக்கல. எல்லாரும் வந்து இன்னா நடந்துச்சி, இன்னா நடந்துச்சினு கேக்கறீங்க. எதுனா நடந்திருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேனே. நடக்கலனா எத சொல்றது?"

கொட்டகையில் இருந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மறைப்பதற்கில்லை, என் முகத்திலும் இருந்திருக்கும். ஊரே பல வாரம் பாடு போட்டுக் காத்திருந்தது ஒரு கதைக்காக. ஆளாளுக்கு ஒரு பையனை மனதில் உருவாக்கி வைத்திருந்தார்கள். தேசப்பன் அந்தப் பையனின் ஊரைக்கூடச் சொல்லியிருந்தான்.

ரேவதி அப்பாவைப் பார்க்காமல், தரையில் கிடந்த வலையைப் பார்த்துப் பேசினாள்.

"தூக்கம் வரல. சோறு வாய்ல வெச்சா மண்ணாட்டம் கீது. காலைல முழிப்பு வந்தா, ஏன்டா வந்துச்சினு இருக்கு. இன்னிக்கி நேத்து இல்ல, ரொம்ப நாளா. எனக்கே எம்மேல பயமா கீது நைனா. டாக்டருகிட்ட போவணும். தனியா போவ முடியல."

இவ்வளவுதான் அந்த ரகசியம்.

ஏழுமலை என்ன சொல்லப்போகிறான் என்று எல்லாரும் பார்த்தோம். அவன் பயிற்சிக்கு வராதவன். அந்த இரண்டு நாளும் ஏரியில் இருந்தான்.

அவன் என் பக்கம் திரும்பினான். "செக்ரட்டரி, பொன்னேரி ஆஸ்பத்திரில அந்த மனசு பாக்கற டாக்டரு எப்ப வருவாரு?"

"நாளைக்கு மறுநாள்" என்றேன்.

"மொத பஸ்ஸுல போலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவள் துண்டு நழுவியிருந்ததை இழுத்துவிட்டான்.

கூட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கு பாக்கியிருந்தது. கோதண்டம் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்த வரலாறு கிடையாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"ஜோதி அந்தப் பாட்டுல வலை போடல. பொண்ணு தானா போச்சி. குத்தம் இல்ல."

"அப்ப எம்பாடு?" என்றான் தேசப்பன்.

"ஒரு நாள் உனக்கு சேர வேண்டியதுதான். பொன்னேரிக்கு நீயும் போ. சாப்பாட்டுப் பைய தூக்கினு போ. பேசாத."

பொன்னேரி

அப்படியாக முதல் பஸ்ஸில் ரேவதி, ஏழுமலை, ஜோதி, சாப்பாட்டுப் பையோடு தேசப்பன், வழி காட்டுவதற்கு நான் என்று ஐந்து பேர் ஏறினோம். மற்றவர்களும் நிறுத்தம் வரை வந்திருந்தார்கள். கோதண்டம் கண்டக்டரிடம், வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரகசியம் ஊருக்கே தெரிந்துவிட்டதால் ஜோதிக்கு விடுதலை கிடைத்துவிட்டது. பஸ் கிளம்பியதும் ஆரம்பித்தாள். வாரக்கணக்காகச் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், யார் வீட்டு ஃபைபர் படகின் இன்ஜின் யாரிடம் அடகில் இருக்கிறது, காட்டூரில் எந்த மாமியார் எந்த மருமகளின் எறாக் குழம்பைத் தெருவில் கொட்டினாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். அறுவடை முடிந்த வயல்கள் ஜன்னலில் ஓடின. ரேவதி அப்பாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா என்று தெரியாது. ஏழுமலை தோளை அசைக்காமல் வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் பினாயில் வாடை. பெஞ்சு முழுக்க ஆட்கள். எங்கள் வரிசை வந்தபோது நர்ஸ், நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றாள். ஜோதி எழுந்தாள். தேசப்பன் எழுந்தான். நானும் எழுந்தேன் என்று நினைக்கிறேன்.

ரேவதி, "நைனா" என்றாள். நாங்கள் உட்கார்ந்தோம்.

கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. ஏழுமலை நாற்காலியின் நுனியில் உட்கார்வது தெரிந்தது. படகில் குறுக்குப் பலகையில் உட்காருவதுபோல இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தான். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி அவனிடம் கேட்டார்.

"என்னப்பா, பொண்ணுக்கு என்ன நடந்தது?"

ஏழுமலை ரேவதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் நடக்கல சார். அதான் இட்னு வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை ரேவதியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.